கூலருக்குக் கட்டிய காப்பு

ஏப்ரல் 26, சனி

தங்கை அமுதினிக்கு வேலை கிடைத்துவிட்டது. ஹைதராபாத்தில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோ. மே 12 போய்ச் சேர வேண்டும். நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு ஃபோன் செய்து சொன்னாள். நான் அப்போது ஓர் ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தூசி ஊதிக்கொண்டிருந்தேன். “நல்லதுடி” என்றேன். ஃபோனை வைத்துவிட்டு, ஊதி முடித்த ஃபேனையே மறுபடியும் ஊதினேன். முதலாளி ஜலால் பாய் பார்த்துவிட்டு, என்னம்மா செண்பகம், காற்று சும்மாவா வருகிறது என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். முதலாளி உடனே ஆள் அனுப்பிக் கால் கிலோ பால்கோவா வாங்கினார்.

அம்மா போனபோது அமுதினிக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு இருபத்து நாலு. அன்றிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சந்தோஷமான நாள், அதைப் பற்றி எழுத இஷ்டமில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. வேலை நிரந்தரமாகிற வரைக்கும், அதாவது ஆறு மாதம், சொந்தக் கம்ப்யூட்டரில்தான் வேலை செய்ய வேண்டுமாம். வீட்டில் இருப்பது நான் கட்டிக் கொடுத்த பெரிய டவர் கம்ப்யூட்டர். அதை ரயிலில் ஏற்றினால் அதற்குத் தனி டிக்கெட் கேட்பார்கள். ஹாஸ்டல் மேஜையோ பரீட்சை அட்டையை விடக் கொஞ்சம்தான் பெரிது. “மடியில வச்சுக்கிட்டுப் போற மாதிரி சின்னதா ஒண்ணு கட்டித் தர்றேன்” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கேபினட் வந்தது. அழகான பெட்டி, செருப்புக் கடை அட்டைப்பெட்டியை விட ஒரு சுற்றுப் பெரிது, அவ்வளவுதான். மற்ற எதுவும் பிரச்சினை இல்லை, கூலர்தான்.

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் வேலை செய்யச் செய்யக் கொதிக்கும். அதன் தலையில் ஓர் உலோகக் கட்டியை உட்கார வைத்து, அதன் மேல் ஃபேனைப் போட்டு, சூட்டை வெளியே தள்ள வேண்டும். பெரிய கேபினட்டில் ஒரு சாண் உயரத்துக்குக் கூலர் வைக்கலாம், சத்தமே வராது. இதில் ஐம்பத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் போனால் மூடி மூடாது. என் கட்டைவிரல் உயரம்தான் இடம். குட்டையான கூலர் என்றால் ஃபேன் வேகமாகச் சுற்றியாக வேண்டும், சுற்றினால் இரையும். ஹாஸ்டல் ரூமில் கூட இருக்கும் பெண் நைட் ஷிஃப்ட் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவளாம். இரைகிற மெஷினோடு போனால் முதல் வாரமே சண்டை வரும்.

தண்ணீர்க் கூலர் போடு என்றார் பாய். ஒரு பகல் ஒரு ராத்திரி ரயிலில் குலுங்கிப் போகிற மெஷினுக்குள் தண்ணீரா? காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தேழு மில்லிமீட்டரில் ஒன்று உண்டு, மிக்ஸி மாதிரி கத்தும். ஐம்பத்து மூன்றில் ஒன்று உண்டு, நல்ல சாமான். ஆனால் பக்கத்தில் நிற்கும் மெமரி அட்டையை, அதாவது ரேமை, இடிக்கும், குட்டை ரேமாக மாற்ற வேண்டும். நடுவில் நாற்பத்தேழு. அதையே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

மே 2, வெள்ளி

மெஷின் தானாக அணைந்து போகிறது என்று ஒருவர் கொண்டுவந்தார். கொதிக்கிறது. கூலரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. கூலரின் அடிப்பாகம் கீறாமல் இருக்க, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஒட்டி வரும். உரித்த பிறகே பொருத்து என்று சிவப்பு எழுத்தில் போட்டும் இருக்கும். அதை உரிக்காவிட்டால் சூடு மேலே ஏறாது. மகன் யூடியூப் பார்த்துக் கட்டினானாம். ஃபிரிட்ஜ் கதவு பிளாஸ்டிக்கையே மூன்று வருஷம் உரிக்காத ஜனங்கள் நாம், இதையா உரிக்கப் போகிறோம்! வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், அந்தப் பையனின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் உரித்ததும் அதை என் இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வேன். மெஷினை ஓட்டிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் எடுக்க மாட்டேன். கையைப் பார்த்தால் உரித்தேனா இல்லையா என்று தெரிந்துவிடும். பாய் இதற்கு வைத்திருக்கும் பெயர் காப்பு. “செண்பகம் காப்பு கட்டிருச்சு, இனி வேலை முடியாம ஊர் தாண்டாது” என்பார். அவர் வீடு சமயபுரம் ரோட்டில், ஊர்த் திருவிழாக்களுக்குக் காப்புக் கட்டுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர். அமுதினி சின்னப் பிள்ளையாகக் கடைக்கு வரும்போது என் கையிலிருந்து அதை உரிப்பதற்காகவே காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். கூலரும் நேற்றே வந்துவிட்டதால் காலையில் கூடத்தில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்தேன். அமுதினி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோவது ஒரு குவியல், விட்டுப்போவது ஒரு குவியல். மதர்போர்டைப் பொருத்தினேன். ப்ராசஸரை உட்கார வைத்து, துடைத்து, கூலரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அப்போது அவள் கேட்டாள், “நீ தனியா இருந்துப்பியாக்கா?”

“ஏன், எனக்கென்ன பேயா பிடிக்கப் போவுது” என்று சொல்லிவிட்டு ப்ராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பேஸ்ட் ட்யூபைத் தேடினேன். என் முட்டிக்கு அடியிலேயே கிடந்தது. பட்டாணி அளவு வைத்து, கூலரை இறக்கி, நாலு திருகையும் எதிரெதிராக முடுக்கினேன். மூடி கச்சிதமாக மூடியது. அவள் கை தட்டினாள்.

அவளுடைய மூன்று நிமிஷப் படம் ஒன்றை ரெண்டர் போட்டு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமாக மெஷினே வரைந்து முடிக்கும்படி, ஓடவிட்டோம். எழுபத்தைந்து, எண்பது டிகிரிக்குள் நிற்க வேண்டியது, கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றாறு. மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது. கூடத்திலேயே முப்பத்தெட்டு டிகிரி இருக்கும்போது அது என்ன செய்யும்.

கை கழுவும்போது இடது மணிக்கட்டில் கொசு கடித்த தடிப்பு ஒன்றைப் பார்த்தேன். கொசுவத்தி வாங்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

ஃபேன் வேகத்தை ஏற்றினேன். சத்தம் தாங்கவில்லை, மூன்று டிகிரி குறைந்தது. ஃபேனைத் திருப்பிப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பக்க மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனையே எதிரில் வைத்தேன், அப்போதும் தொண்ணூறுக்குக் கீழே வர மாட்டேன் என்கிறது.

“கூலரைக் கழட்டிப் பாக்கலையாக்கா?” என்று கேட்டாள் அமுதினி.

பதினைந்து வருஷமாக இதே தொழில் செய்கிறேன், எனக்கே சொல்லித் தருகிறாயா என்று வள்ளென்று விழுந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். கடையில் யார் கொதிக்கிற மெஷின் கொண்டுவந்தாலும் நான் முதலில் செய்வது அதுதான். அது எனக்குத் தெரியாதா?

மே 8, வியாழன்

முடிவு சொல்லிவிட்டேன். இந்தக் கூலர் பற்றாது. ஐம்பத்து மூன்று மில்லிமீட்டர் கூலரும் குட்டை ரேமும் சென்னையிலிருந்து வர வேண்டும். 12-ஆம் தேதிக்குள் நடக்காது. அமுதினி ஸ்டூடியோவுக்குப் பேசினாள். 26 வரை பொறுப்பார்களாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது, அடுத்த பெண் தயாராக நிற்கிறாள் என்று சொல்லிவிட்டார்களாம். ஃபோனை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்காக ராத்திரி பகல் பார்க்காமல் படம் வரைந்து வரைந்து நாலு இடத்தில் இல்லை என்று வாங்கிக்கொண்டு வந்தவள்.

வத்தக்குழம்பு வைத்து அப்பளம் பொரித்தேன். இரண்டு வாரம் கிடைத்தது. மெஷினுக்குச் சொல்கிறேன்.

மே 10, சனி

இரண்டு பேரும் சினிமாவுக்குப் போனோம். படம் சுமார். ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது.

மே 14, புதன்

புதுக் கூலர் கடைக்கு வந்தது. காலேஜ் அட்மிஷன் நேரம், லேப்டாப் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே பொழுது போய்விட்டது. பார்சல் மேஜைக்கு அடியில் இருக்கிறது.

மே 16, வெள்ளி

என்னம்மா, சாமானைப் பிரிக்காமலே வைத்திருக்கிறாய் என்று பாய் கேட்டார். கத்திரியில் டெஸ்ட் செய்தால் சரியான கணக்கு வராது, வெயில் கொஞ்சம் இறங்கட்டும் என்றேன். கத்திரி முடிவதற்குள் 26 வந்துவிடுமே என்றார். நான் திருகாணி டப்பாவைக் கொட்டித் தரம் பிரிக்க ஆரம்பித்தேன். அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அமுதினியிடம் ஒரு யோசனை சொன்னேன். பேசாமல் எல்லாவற்றையும் பழைய பெரிய கேபினட்டிலேயே போட்டுவிடலாம், கூலர் தலைவலியே இருக்காது, வீட்டிலிருந்தே வேலை செய்யலாமா என்று அவர்களைக் கேட்டுப் பார்க்கலாமே என்று. கேட்டாயிற்று, முடியாதாம் என்றாள். சாதம் பிசைந்துகொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

“அக்கா, என்கிட்ட நேரா ஏதாவது சொல்லணும்னா சொல்லிடு.”

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

மே 18, ஞாயிறு

மத்தியானம் கடையிலிருந்து வந்தேன். கூடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதே மூன்று நிமிஷப் படம், அதே ரெண்டர், மூடியும் மூடியிருக்கிறது. திரையில் எழுபத்திரண்டு டிகிரி. பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். லேசாக ஒரு உஸ், அவ்வளவுதான்.

“காலையிலேருந்து ஓடுதுக்கா. பேஸ்ட் செட் ஆயிருக்கும்போல” என்றாள் அமுதினி. கையில் இருந்த வெள்ளரிக்காயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பேஸ்ட் செட் ஆனால் இரண்டு டிகிரி குறையும். இருபத்து நாலு டிகிரி குறையாது. “இருக்கும்” என்றேன்.

முகம் கழுவப் போனேன். குளியலறைக் கண்ணாடியில் எப்போதும் எங்கள் பொட்டுகள் ஒட்டியிருக்கும். என்னுடையது மெரூன், அவளுடையது கடுகளவு கறுப்பு. இரண்டுக்கும் நடுவில், என் கண் உயரத்துக்கு, சதுரமாக ஒரு பிளாஸ்டிக். சிவப்பு எழுத்து. துடைத்துத்தான் ஒட்டியிருக்கிறாள், ஓரத்தில் மட்டும் பேஸ்ட்டின் சாம்பல் கறை இருந்தது.

முகத்தைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். வெளியே வந்து சாப்பிட்டேன். வெள்ளரிக்காய்ப் பச்சடி நன்றாக இருக்கிறது என்றேன்.

மே 19, திங்கள்

கடைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று பாயிடம் பொய் சொன்னேன். காபியை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“மறந்துட்டேன்டி” என்றேன்.

“தெரியும்.”

“என்ன தெரியும் உனக்கு?”

“அன்னைக்கே பாத்தேன்க்கா. நீ திருகு முடுக்கும்போது உன் கையில காப்பு இல்ல.”

சின்ன வயசிலிருந்து என் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தவள், அதைப் பார்க்காமலா இருப்பாள்? இது எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு கோபம்தான் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா, இரண்டு வாரம் வீணாகிவிட்டதே, அந்த வேலை போயிருந்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினேன்.

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன்.”

“என்னன்னு சொல்லணும் நான்?”

“போகாதேன்னாவது. இல்ல, போயிட்டு வாடின்னாவது. வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னதிலேருந்து நீ கூலரைப் பத்தி மட்டும்தான்க்கா பேசுற.” என் கையிலிருந்த காபியை வாங்கிக் கீழே வைத்தாள். “நீ மட்டும் போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். அது எனக்கே தெரியும். அதான் பயமா இருந்துச்சு.”

எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் இருபத்துமூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. வாயால் சொல்லக்கூடாது என்று அடக்கி வைத்ததைக் கையால் செய்துவிட்டேன். நிஜமாகவே மறந்தேனா? திருகு முடுக்கும் வரைக்கும் மறந்தேன். கை கழுவும்போது மணிக்கட்டைப் பார்த்தேனே, அதற்குப் பிறகு மறந்தேன் என்று இங்கே எழுதினால் இந்த டைரியே சிரிக்கும்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியவில்லைடி என்று சொன்னேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவளும் அழுதாள். காபி ஆறி ஏடு படிந்துவிட்டது, சுட வைத்துக் குடித்தோம்.

மே 21, புதன்

பார்சலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுபத்திரண்டு போதுமே என்றாள் அமுதினி. போதும்தான். ஆனால் அந்த உஸ்ஸும் கூடாது, பகலில் தூங்குகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். என் கையால் கட்டி அனுப்புகிற மெஷினில் இது பரவாயில்லை என்று ஒரு சாமான் இருக்கக் கூடாது.

பழைய கூலரைத் தூக்கினேன். பேஸ்ட்டைச் சப்பாத்திக்கு நெய் தடவுவது போல் தடவி வைத்திருக்கிறாள். இவ்வளவு நாள் என்னோடு இருந்து இதைத்தான் கற்றுக்கொண்டாயா என்று கேட்டேன். நீ கற்றுக்கொடுத்தது உரிக்க மட்டும்தானே என்று திருப்பிக் கொடுத்தாள்.

ரேமை மாற்றினேன். ப்ராசஸரைத் துடைத்தேன். புதுக் கூலரைத் திருப்பி, பிளாஸ்டிக்கின் நுனியை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பாக உரித்தேன். மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டேன். அமுதினி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூடிக்கும் கூலருக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையலாம், அந்த அளவு இடைவெளி. ரெண்டர் போட்டு மாலை வரை ஓடவிட்டோம். அறுபத்தாறு. ஃபேன் சுற்றுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மே 22, வியாழன்

கடையில் பாய் என் கையைப் பார்த்தார். டெஸ்ட் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். அப்புறம் ஏன் காப்பை எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. டிக்கெட் உறுதியாகிவிட்டதா, ஹைதராபாத்தில் தன் மச்சான் வீடு இருக்கிறது, அவசரம் என்றால் கூப்பிட அவளிடம் நம்பர் கொடுத்து அனுப்பு என்று மட்டும் சொன்னார்.

மே 24, சனி

காலையில் ஜங்ஷன். சென்னை போய் அங்கிருந்து சாயங்காலம் ஹைதராபாத் வண்டி. மெஷினை என் பழைய சுங்குடிப் புடவையில் சுற்றி, பையில் வைத்து, அவள் மடியில் கொடுத்தேன். கூலரின் கனம் மதர்போர்டை இழுக்கக்கூடாது, படுக்க வைத்தே கொண்டுபோ, யார் கேட்டாலும் சீட்டுக்கு அடியில் தள்ளாதே என்று மூன்றாம் முறையாகச் சொன்னேன். சரிக்கா என்றாள். புளியோதரையைச் சென்னைக்குள் சாப்பிட்டுவிடு என்றேன். அதற்கும் சரிக்கா என்றாள்.

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் அந்தப் பிளாஸ்டிக், மூன்று நாளில் ஓரமெல்லாம் அழுக்கேறி.

“இன்னும் எடுக்கலையா? எல்லாம்தான் முடிஞ்சிருச்சே” என்றாள். சின்னப் பிள்ளையில் செய்வது போல நுனியைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

நானே உரித்தேன். ரோமத்தோடு வந்தது, வலித்தது. அவள் இடது கையைத் திருப்பி, மணிக்கட்டில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்.

“வேலை பர்மனென்ட் ஆகுற வரைக்கும் இதை எடுக்காதே. காப்பு கட்டிட்டா ஊரைத் தாண்டக் கூடாது, தெரியும்ல? அக்கா ஞாபகம் வந்துருச்சு, சாப்பாடு பிடிக்கலைன்னு பாதியில வந்து வாசல்ல நின்னே, உள்ள விட மாட்டேன்.” வண்டி அசைந்தது. கூடவே நடந்தேன். “போயிட்டு வாடி.”

அவள் தலையாட்டினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்ப்பதற்குள் அடுத்த பெட்டி வந்துவிட்டது.

மே 26, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டாள். படம் அனுப்பியிருக்கிறாள். சின்ன மேஜை, அதில் நம் மெஷின், பக்கத்தில் அவள் கை. மணிக்கட்டில் ஒட்டின இடத்துக்கு மேலே செல்லோ டேப் போட்டுச் சுற்றியிருக்கிறாள். அறுபத்தெட்டு டிகிரியாம். பகலில் தூங்கும் பெண், கம்ப்யூட்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று எழுந்து கேட்டாளாம்.

கொசுவத்தி வாங்கினேன். ஒரு ஆளுக்கு அரை டம்ளர் அரிசி சரியாக இருக்கிறது. முகம் கழுவி, பொட்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் பிளாஸ்டிக் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பக்கத்தில் அவளுடைய கறுப்புப் பொட்டு ஒன்றும் இருக்கிறது. உரிக்கவில்லை. யாராவது வந்து கேட்டால், ஃபிரிட்ஜ் பிளாஸ்டிக்கை மூன்று வருஷம் வைத்திருப்பவர்கள் இல்லையா, அந்த மாதிரி என்று சொல்லிக்கொள்ளலாம்.